தவிட்டோடு போனது

புழுங்கல் அரிசிதான் உடம்புக்கு நல்லது என்று எங்கள் பக்கத்தில் சொல்லாதவர் இல்லை. அரிசிக் கடைக்காரர் சொல்வார், டாக்டர் சொல்வார், பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்வார். எப்படி என்று கேட்டால், "முன்னோர்கள் தெரியாமலா செஞ்சாங்க?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. நெல்லை ஊறவைத்து, அண்டாவில் ஏற்றி அவித்து, களத்தில் பரப்பிக் காயவைத்து, அதன்பிறகு குத்துவது லேசான வேலை அல்ல. விறகும் வெயிலும் ஆளும் வேண்டும். இத்தனை பாடும் உடம்பின் நலத்துக்காகத்தான் என்றால், அதை முதலில் கண்டறிந்தவர் யார்? எந்தச் சான்றைக் கொண்டு கண்டறிந்தார்?

முதலில் போய்க் கேட்டது மன்னார்குடிப் பக்கம் இருக்கும் என் பெரியம்மாவிடம். நெல் அவிப்பதையும் குத்துவதையும் சின்ன வயது முதல் செய்தவர். அவர் சொன்னதில் ஆரோக்கியம் என்ற பேச்சே இல்லை. "அவிக்காமப் போட்டா முறத்துல பாதி நொய்யால்ல நிக்கும்? அவிச்சா அரிசி முழுசா வரும். சீக்கிரம் வண்டும் வைக்காது. அதுக்குத்தான் அவிச்சது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே தொடர்ந்தார்: "உலக்கை போட்டுப் போட்டுத் தோள்பட்டை இறங்கிப்போன பொம்பளைங்க எத்தனை பேருன்னு உனக்குத் தெரியாது. மில்லு வந்தப்ப நாங்க பட்ட நிம்மதிய இப்ப வந்து யாரும் குறை சொல்லாதீங்க."

இந்த இரண்டாவது பேச்சை என் தேடல் முழுக்க மனதில் வைத்துக்கொண்டேன். ஆலை வருவதற்கு முந்திய காலத்தைப் பொற்காலமாக எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் உலக்கை பிடித்தவர்கள் அல்லர்.

அடுத்து ஆலையின் கதையைத் தேடினேன். 1860-களிலிருந்து ரங்கூன் துறைமுகத்தை ஒட்டி நீராவி அரிசி ஆலைகள் பெருகின. நம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கடன் பணம் பர்மாவின் நெல் வயல்களுக்குப் பாய்ந்த காலமும் அதுதான். 1880-களில் பிரேசிலில் எவரிஸ்டோ எங்கல்பர்க் என்ற பொறியாளர் ஒரு ஹல்லர் எந்திரத்தை உருவாக்கினார். உள்ளே ஓர் இரும்பு உருளை சுழலும். நெல் அதில் உரசி உமியும் தவிடும் ஒரே ஓட்டத்தில் கழன்றுவிடும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருபதாம் நூற்றாண்டு முழுக்க ஓடிய சின்ன மில்களில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. உலக்கையால் குத்தினால் அரிசியின் மேல் தவிட்டுப் படலம் கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டிருக்கும். எந்திரம் அதைத் துடைத்து எடுத்துவிடும். வெள்ளை அரிசி பார்க்க அழகு, சீக்கிரம் வேகும், மெத்தென்று இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாதக்கணக்கில் கெடாது. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் அது ஒட்டியிருக்கும் அரிசி சிக்குவாடை அடித்துவிடும்; தவிடு நீங்கிய அரிசியைக் கப்பலில் ஏற்றலாம், கிடங்கில் அடுக்கலாம். மலிவாக, மொத்தமாக, பல பேருக்குச் சோறு போட வேண்டிய இடங்களுக்கெல்லாம் அது முதலில் போய்ச் சேர்ந்தது. படை முகாம், கப்பல், சிறை, சுரங்கம், தோட்டம்.

பெரிபெரி என்ற நோயும் அந்த இடங்களிலேயே தலைவிரித்தது. கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். சிலருக்கு உடல் வீங்கி இதயம் நின்றுவிடும். ஜப்பானில் இந்த நோய்க்கு முன்பே ஒரு பெயர் இருந்தது: எடோ நோய். எடோ என்பது இன்றைய டோக்கியோ. தீட்டிய வெள்ளை அரிசி உண்ணும் நகரத்துக்கு வந்தவர்கள் படுத்தார்கள், ஊருக்குத் திரும்பியதும் தேறினார்கள். 1882-ல் புறப்பட்ட ரியூஜோ என்ற பயிற்சிக் கப்பலில் 376 பேர் இருந்தார்கள். 169 பேருக்கு பெரிபெரி வந்து 25 பேர் இறந்தார்கள். கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ 1884-ல் சுகுபா என்ற கப்பலை அதே வழியில் அனுப்பினார். உணவை மட்டும் மாற்றினார்: இறைச்சி, பால், வேறு தானியங்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. புரதக் குறைதான் காரணம் என்று அவர் நினைத்தது சரியல்ல. ஆனால் மாலுமிகள் பிழைத்தார்கள். ஜப்பானியத் தரைப்படை மருத்துவர்கள் அவரை நம்பவில்லை. வெள்ளைச் சோறே தொடர்ந்தது. 1904-05-ல் ருஷ்யாவோடு நடந்த போரில் அந்தப் படையில் பெரிபெரியால் மட்டும் சுமார் 27,000 பேர் மாண்டார்கள். வறுமைப்பட்ட ஊரிலிருந்து வந்த சிப்பாய்க்குப் படையில் சேர்ந்தால் வேளைக்கு வெள்ளைச் சோறு கிடைக்கும் என்பது பெரிய கனவு. அந்தக் கனவே கொன்றது என்பதை வாசித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

ஜாவாவின் கதை பாடப் புத்தகங்களிலும் வரும். பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) டச்சு மருத்துவர் எய்க்மான் வளர்த்த கோழிகள் கால் துவண்டு விழுந்தன. பிறகு தாமாகத் தேறின. விசாரித்தால், இடையில் கொஞ்ச காலம் அவற்றுக்கு ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர் அதைத் தர மறுத்ததும் தீட்டாத அரிசிக்கு மாறியிருக்கிறார்கள், கோழிகள் எழுந்துவிட்டன. எய்க்மானுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. கோழிகளைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது வோர்டர்மான் என்ற சுகாதார ஆய்வாளர் ஜாவாவின் சிறைகளில் எடுத்த கணக்கு. வெள்ளை அரிசி போட்ட சிறைகளில் 39 கைதிகளில் ஒருவருக்கு பெரிபெரி. தவிடு நீக்காத அரிசி போட்ட சிறைகளில் 10,000 பேரில் ஒருவருக்கு.

இவ்வளவும் பச்சரிசியைத் தீட்டியதன் கதை. நான் தேடிப் போன புழுங்கல் இதில் எங்கே?

அது மலேயாவில் கிடைத்தது, நம்மவர்களின் சோற்றுத் தட்டிலிருந்து. தகரச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் கொத்துக்கொத்தாகச் சாக, தமிழ்க் கூலிகளிடம் அந்த நோய் அரிதாக இருந்தது. மலேரியாவும் வயிற்றுப்போக்கும் தோட்டத் தமிழர்களை வாரிக்கொண்டு போயின. இந்த ஒன்று மட்டும் பெரும்பாலும் அவர்களைத் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்தார். சீனர்கள் சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசியை உண்டார்கள், தமிழர்கள் புழுங்கல் அரிசியை உண்டார்கள். நாள்பட்ட பச்சரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று நினைத்து அவர் 1907-ல் ஒரு புத்தகமே எழுதினார். காரணத்தில் தவறினாலும் அவர் காட்டிய திசை சரி.

1905-ல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்கு சயாம் பச்சரிசி, இன்னொன்றுக்கு இந்தியப் புழுங்கல். இடத்தின் குற்றமாக இருக்குமோ என்று பார்க்க நடுவில் இரு பிரிவினரின் கூடங்களையும் மாற்றினார். பச்சரிசிப் பிரிவில் 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் பிரிவில் பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை. பிறகு பிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர், காட்டுக்குள் சாலை போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவாத் தொழிலாளர்களிடம் அதையே இன்னும் கறாராகச் செய்து 1909-ல் வெளியிட்டார்கள். அரிசியை மாற்றினால் நோயும் இடம் மாறியது.

புழுங்கல் உடம்புக்கு நல்லது என்ற சொல்லுக்குச் சான்று இங்கேதான் பிறந்திருக்கிறது. கைதிகள், மனம் பிறழ்ந்தவர்கள், ஒப்பந்தக் கூலிகள். "எனக்கு இந்தச் சோறு வேண்டாம், அதைப் போடு" என்று சொல்லும் உரிமை அவர்களில் ஒருவருக்கும் இல்லை. நம்முடைய பெருமைப் பேச்சில் அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்று நினைக்கிறேன். நம் பாட்டிகள் நொய்யைத் தவிர்க்கச் செய்த ஒரு வேலை, கடல் கடந்த பேரப்பிள்ளைகளின் உயிரைக் காத்தது. அது அவர்களுக்கும் தெரியாது, தட்டில் சோறு வாங்கிய பிள்ளைகளுக்கும் தெரியாது.

அவித்தால் என்ன நடக்கிறது என்பதை அறிவியல் நிதானமாகத்தான் கண்டுபிடித்தது. பெரிபெரிக்குக் காரணம் வைட்டமின் பி1 குறைவு. தவிட்டிலும் முளைக்கருவிலும் இருக்கும் அந்தச் சத்து தண்ணீரில் கரையும். உமியோடு ஊறும்போதும் ஆவியில் வேகும்போதும் அது அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. மாவுச்சத்து இறுகி அதைப் பிடித்துக்கொள்கிறது. அதன்பிறகு எந்திரம் தவிட்டை உரித்தாலும் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடும். நம் நாட்டு உணவுச்சத்து அட்டவணையில் எண்கள் தெளிவாக இருக்கின்றன. 100 கிராம் ஆலைப் பச்சரிசியில் பி1 0.06 மில்லிகிராம், ஆலைப் புழுங்கலில் 0.21. கைக்குத்தல் பச்சரிசியிலும் அதே 0.21. உலக்கையால் குத்தினால் மிஞ்சுவது எவ்வளவோ, அவித்து எந்திரத்தில் போட்டாலும் அவ்வளவு மிஞ்சுகிறது. பெரியம்மாவிடம் இதைத்தான் முதலில் சொன்னேன்.

இந்தத் தேடலில் குன்னூருக்கும் போனேன். சிம்ஸ் பூங்கா பக்கத்தில் பாஸ்டர் நிலையம் இருக்கிறது. அங்கே ஒரே ஓர் அறையில், 1918-ல், ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி விசாரணைப் பிரிவைத் தொடங்கினார். இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தொடக்கம் அந்த அறைதான். நாட்டின் உணவு ஆராய்ச்சியே அரிசி ஆலை விட்ட குறையிலிருந்து முளைத்திருக்கிறது. அன்றைய சென்னை மாகாணத்துக்குள்ளேயே பச்சரிசி உண்ட வட சர்க்கார் கரையோரத்தில் (இன்றைய ஆந்திரக் கடலோரம்) பெரிபெரி நிலைத்திருந்தது. மெக்காரிசனுக்குப் பின் வந்த அய்க்ராய்டும் அவரோடு உழைத்தவர்களும் அங்கே பச்சிளங்குழந்தைகளின் சாவை ஆராய்ந்தார்கள். தாயின் உடம்பில் பி1 இல்லையென்றால் பாலிலும் இருக்காது. நன்றாக இருந்த கைக்குழந்தை சில மணி நேரத்தில் இறந்துபோகும். அந்தத் தாய்மார்கள் வீட்டில் சோற்றுக்குக் குறை இருந்திருக்காது.

அதே மாகாணத்தின் நெல்லூரில் 1886-ல் ஓர் அமெரிக்கப் பாதிரியார் குடும்பத்தில் பிறந்தவர் ராபர்ட் வில்லியம்ஸ். 1910-ல் மணிலாவில் ஒரு ராணுவ மருத்துவர் அவரிடம் தவிட்டுச் சாற்றைக் கொடுத்து, குழந்தைகளைப் பிழைக்க வைக்கும் பொருள் இதில் எது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். கால் நூற்றாண்டு விடாமல் தேடி 1936-ல் பி1-ஐச் செயற்கையாகவே உருவாக்கிக் காட்டினார்.

காந்தி 1934-ல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் கைக்குத்தல் அரிசிக்காகப் போராடியது. அதை நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. சத்தும் போகிறது, குத்திப் பிழைத்த ஏழைப் பெண்களின் கூலியும் போகிறது என்ற இரட்டை வாதம் அவருடையது. இரண்டும் உண்மை. ஆனால் உலக்கை போட்ட தோளுக்கு என்ன வழி என்பதற்கு அந்த வாதத்தில் நிறைவான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. 1958-ல் ஆலைகளைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வந்தது. 1997-ல் அதை நீக்கிவிட்டார்கள்.

இன்று பெரிபெரியை நம் வீடுகளில் காண்பது அரிது. பருப்பும் காயும் முட்டையும் முன்பைவிடக் கிடைக்கின்றன. எந்திரம் எல்லாம் கெடுதல் என்றும் சொல்ல மாட்டேன்: வடிக்காமல் குக்கரில் வைக்கும் சோற்றில், கஞ்சியோடு போயிருக்கக்கூடிய சத்து உள்ளேயே தங்குகிறது. ஆனால் அரிசி இன்னும் வெளுத்துக்கொண்டே போகிறது. புழுங்கலையே வேக்காடு குறைத்து, நன்றாகத் தீட்டி, பல்லைப்போலப் பளபளக்க வைத்து விற்கிறார்கள். 2023-ல் வெளியான தேசிய ஆய்வு இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொல்கிறது. அத்தனை பழியையும் அரிசி மேல் போடுவது நியாயமில்லை. உடம்பை அசைக்கும் வேலைகள் குறைந்ததும், தட்டில் சோறு மட்டும் குறையாமல் இருப்பதும் காரணம். ஆனாலும் தவிட்டோடு நார்ச்சத்தும் போய்விட்டது. ரேஷனில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் சேர்த்துச் செறிவூட்டிய அரிசி தரத் தொடங்கினார்கள். ரத்தசோகை பெருத்த நாட்டில் அதற்குக் காரணம் உண்டு. ஓர் ஆலையில் கழற்றி இன்னோர் ஆலையில் மாட்டுகிறோம் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

கடையில் மூட்டைகளைப் புரட்டிப் பார்த்தேன். ரகம், எடை, பழைய அரிசியா புதிதா, எல்லாம் அச்சிட்டிருக்கிறது. எவ்வளவு தீட்டியது என்பதை நான் பார்த்தவற்றில் ஒன்றிலும் காணவில்லை. ஒரு மில்காரரிடம் கேட்டேன். "தீட்டு குறைச்சுத் தர எந்திரத்துக்கு ஒரு கஷ்டமும் இல்லைங்க. கடைக்காரர் எடுக்க மாட்டார், மங்கலா இருக்குன்னு திருப்பி அனுப்பிடுவார். நீங்க நாலு வீடு சேர்ந்து அவிச்ச நெல்லாக் கொண்டாங்க, லேசா ஓட்டித் தர்றேன். கொஞ்சம் கொஞ்சமா அரைச்சுக்கணும், ரொம்ப நாள் வைக்கக் கூடாது" என்றார். எங்கள் தெருவில் மூன்று வீடுகள் சேர்ந்திருக்கிறோம். அவிப்பது இன்னொரு மில்லின் கொதிகலன், தீட்டுவது இவருடைய எந்திரம். உலக்கையை யாரும் தொடவில்லை. நாலாவது வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். சோறு வெள்ளையாக இருக்காதே என்கிறார் அவர். வோர்டர்மானின் சிறைக் கணக்கை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.