எந்த ஊரைச் சொல்லுறது?

என் சின்னம்மா ஜேர்மன் மொழி படிப்பிக்கிறார். கோண்டாவிலில் அவர் வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டின் விறாந்தைதான் வகுப்பறை. ஒரு நீட்டு வாங்கு, நான்கு பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு வெண்பலகை. சனிக்கிழமைகளில் ஏழெட்டுப் பெண்கள் வருவார்கள். எல்லோரும் ஜேர்மனியில் இருப்பவர்களைத் திருமணம் செய்தவர்கள் அல்லது செய்யவிருப்பவர்கள். 2007 ஓகஸ்ட் முதல், சில விதிவிலக்குகள் தவிர, அங்கே கணவரிடம் போய்ச்சேர விரும்பும் பெண் அந்நாட்டு மொழியில் ஏ1 என்ற ஆரம்பத் தரத்தில் தேறியிருக்க வேண்டும். 100 புள்ளிக்கு 60 எடுக்க வேண்டும். பதிவும் முடிந்து, தாலியும் ஏறி, அந்த 60 வராததால் தாய் வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளை என் வேலையில் அடிக்கடி காண்கிறேன். "ஒரு சோதினை பாஸ் பண்ணத் தெரியாததைக் கட்டி வைச்சிட்டம்" என்று மாமியார் தொலைபேசியில் சொன்னதைப் பக்கத்திலிருந்து கேட்டும் இருக்கிறேன்.

அப்படி இரண்டு தரம் தவறிய ஒரு பிள்ளையை நானே சின்னம்மாவிடம் கூட்டிப்போனேன். விசுவமடுவில் பிறந்தவள். 2009 இல் அவளுக்குப் பதினொரு வயது. எழுத்தும் வாசிப்பும் அவளுக்குப் பிரச்சினையில்லை. பேச்சுப் பரீட்சையில்தான் வாயடைத்துப் போகிறாள் என்றார்கள். அங்கே ஒரு அட்டை தருவார்கள். பெயர், வயது, நாடு, வசிப்பிடம், மொழிகள், தொழில், பொழுதுபோக்கு என்று அதில் இருக்கும். அதைப் பார்த்துத் தன்னைத்தானே அறிமுகம் செய்ய வேண்டும்.

பெயரும் வயதும் நாடும் சொன்னாள். வசிப்பிடம் என்ற இடத்தில் நின்றுவிட்டாள்.

"ரீச்சர், எந்த ஊரைச் சொல்லுறது?"

விசுவமடு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், பிறகு செட்டிகுளம் முகாம், அதன்பின் மாமா வீடு, இப்போது இங்கே வாடகை வீடு. ஒவ்வொன்றாகச் சொன்னாள். வாங்கிலிருந்த ஒருவரும் சிரிக்கவில்லை. தொழில் என்ற இடத்தில் "இல்லை" என்றாள். இரவு பகலாகத் தைத்து வீட்டைக் கொண்டு நடத்துகிறவள் அவள். எங்கள் அலுவலகப் படிவங்களிலும் எத்தனையோ பெண்களின் பெயருக்கு நேரே நான் "தொழில்: இல்லை" என்று எழுதியிருக்கிறேன். அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. சின்னம்மா பலகையில் 'ஷ்னைடரின்' என்று எழுதினார். தையற்காரி.

"இது உம்மட தொழில். சத்தமாச் சொல்லும், பிள்ளை."

சின்னம்மா முன்பு ஆங்கில ஆசிரியை. வலிகாமம் வடக்கில் எங்கள் வீடு. கிணற்றடியில் இருந்து அம்மாவும் அவரும் ஆங்கிலச் சொற்களை மாறி மாறிக் கேட்டுப் பாடமாக்குவார்களாம். தோற்றவர் தண்ணீர் அள்ள வேண்டும். பெரும்பாலும் அம்மாதான் அள்ளினார். சித்தப்பா 1985 இல் கிழக்கு பேர்லின் வழியாகப் போனவர். சின்னம்மா 1989 இல் போனார். அடுத்த வருடம் ஆனியில் எங்கள் ஊர் முழுவதும் எழும்பியது. அம்மா அந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தவர், சின்னம்மா திறந்தபடி விட்டுப்போனவர். இருவரும் அதைப் பற்றிக் கதைத்தால் இரண்டு வெவ்வேறு வீடுகளைப் பற்றிக் கதைப்பது போல இருக்கும்.

டோட்முண்ட் நகரில் மூன்றாம் மாடியில் குடியிருந்தார்கள். சித்தப்பாவுக்கு உணவகச் சமையலறையில் வேலை. ஊரில் நாற்பது பிள்ளைகளை அடக்கியாண்ட ஆசிரியைக்கு அங்கே தபாற்காரனைக் கண்டால் நெஞ்சு பதறும். மஞ்சள் உறையில் வருவது அரசாங்கக் கடிதம். மகள் பள்ளியால் வரும்வரை அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாராம். ஏழு வயதில் அந்தப் பிள்ளைதான் வீட்டின் வாய். அம்மம்மா 1996 இல் கிளிநொச்சியில் இடம்பெயர்ந்திருந்தபோது இறந்துபோனார். அந்தச் செய்தி போய்ச்சேரவே மூன்று கிழமை. சின்னம்மாவால் வரமுடியவில்லை.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, குடிபெயர்ந்த குடும்பங்களில் பிள்ளைகளே பெற்றோரின் மொழிபெயர்ப்பாளர் ஆவது பற்றி நாலு வரி பாடக்குறிப்பு இருந்தது. எழுதி நல்ல புள்ளி எடுத்தேன். அது எங்கள் வீட்டுக் கதை என்பது அப்போது எனக்குத் தெரியாது. சின்னம்மா பிறகுதான் சொன்னார்.

2000 ஆம் ஆண்டு அவருக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. வைத்தியரிடம் போனபோது ஒன்பது வயது மகள்தான் துணை. வைத்தியர் சொன்னது பிள்ளைக்கு விளங்கவில்லை. அவர் ஒரு தாளில் படம் கீறிக் காட்டினார். பிள்ளை கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டுத் தாயின் பக்கம் திரும்பியது.

"அம்மா, நான் இருந்த இடத்தை எடுக்கப் போகினமாம்."

"அண்டைக்கு நான் அழேல்ல. அது அழுதிடும் எண்டு அழேல்ல," என்றார் சின்னம்மா. சத்திரசிகிச்சைப் புண் ஆறியதும், முப்பத்தெட்டு வயதில், மாலை வகுப்பொன்றில் போய் இருந்தாராம். ஆங்கிலம் படிப்பித்தவர் மீண்டும் அரிவரிக்குப் போனது போலத்தான். சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால், சிறுமி என்ற சொல்லோ அஃறிணை! அதைச் சொல்லும்போது இன்றைக்கும் சிரிப்பார். இருபத்தொன்றை 'ஒன்றும் இருபதும்' என்று திருப்பிச் சொல்ல வேண்டும். ஆனால் 'ஏனென்றால்' என்று தொடங்கினால் வினைச்சொல் நம்மைப் போலவே கடைசியில் வருமாம். அந்த இடம் வந்ததும் ஊருக்கு வந்ததுபோல இருந்தது என்றார். சில வருடங்களில், புதிதாக வந்த எங்கள் பெண்களுக்குத் தன் குசினி மேசையில் வைத்துப் படிப்பிக்கத் தொடங்கினார்.

மகளுக்கு நல்ல ஜேர்மன் வாய்த்தது, தமிழ் மெலிந்தது. அதற்குத் தானும் காரணம் என்பார் சின்னம்மா. தான் அந்த மொழி படித்த ஆர்வத்தில் வீட்டிலும் அதையே பேசிப் பழகினாராம். சித்தப்பாவின் மறைவுக்குப் பின், 2018 இல் எங்கள் காணி விடுபட்டபோது பார்க்க வந்தார். மிஞ்சியிருந்தது கிணறு மட்டும். திரும்பிப் போய் வீட்டை ஒப்படைத்துவிட்டு இங்கேயே வந்துவிட்டார். மகள் ஞாயிறு தோறும் எடுப்பாள். இருவரும் ஜேர்மனில்தான் கதைப்பார்கள். நான் பக்கத்தில் விளங்காமல் இருப்பேன்.

சின்னம்மாவின் வகுப்பில் பரீட்சைக்கு வேண்டாத பாடமும் உண்டு. ஒவ்வொரு சனியும் கடைசிப் பதினைந்து நிமிடம். எனக்கு விளங்கவில்லை. மெதுவாகச் சொல்லுங்கள். இந்த இடத்தில் நோகிறது. விளங்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், என் பிள்ளை வேண்டாம். இவற்றை எல்லோரும் சேர்ந்து உரத்துச் சொல்ல வேண்டும். இன்னும் பிள்ளையே பெறாத பெண்கள் அந்தக் கடைசி வசனத்தைச் சொல்லும்போது பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள்.

வசிப்பிடம் பற்றிச் சின்னம்மா அந்தப் பிள்ளைக்குச் சொன்னது இவ்வளவுதான்: "கோண்டாவில் எண்டு சொல்லும். ஒருத்தரும் வந்து பாக்கப் போறேல்ல. சுகமான சொல்லு."

மூன்றாம் தரம் இரவு பஸ்சில் கொழும்புக்குப் போனாள். 67 புள்ளி. விசா இன்னும் வரவில்லை, விண்ணப்பம் கொடுத்திருக்கிறது. முடிவு வந்த அன்று பலகாரத்தோடு வந்தாள். எந்த ஊர் சொன்னாய் என்று கேட்டேன்.

"விசுவமடு எண்டு சொன்னன், அக்கா. எழுத்துக்கூட்டச் சொல்லிக் கேட்டவை."

"கூட்டினீரோ?"

விறாந்தைத் தூணில் சாய்ந்து நின்று, விரல் விட்டு, எங்களுக்கும் ஒருமுறை கூட்டிக் காட்டினாள். ஃபௌ, ஈ, எஸ், ஊ, ஃபௌ, ஆ, எம், ஆ, டே, ஊ.