ஓரெழுத்தின் வேறுபாடு

இலக்கணம் என்றவுடனே முகஞ் சுளிக்கும் மாணாக்கரை நாம் ஆண்டுதோறுங் காண்கின்றோம். பிறவினைக்கு உதாரணங் கேட்டால், 'வி', 'பி' விகுதிகளை மனனஞ் செய்து, செய்வித்தான், நடப்பித்தான் என்று கூறி அமைவர். விகுதி எதுவும் வேண்டாது, ஓரெழுத்து மாறுவதாலேயே பிறவினையாகுஞ் சொற்களோ அவர்தம் வாயிலேயே நாடோறும் வழங்குகின்றன: வளர்ந்தான், வளர்த்தான், சேர்ந்தான், சேர்த்தான், பிரிந்தான், பிரித்தான்.

நாவலர் பெருமான் (1822–1879) காண்டிகையுரை செய்த நன்னூலின் வழிநின்று பகுத்தால், வளர்ந்தான், வளர்த்தான் இரண்டுக்கும் பகுதி 'வளர்' என்பதே. சந்தியாய் வந்த தகரம் தன்வினையில் நகரமாகத் திரிகின்றது; பிறவினையில் வல்லெழுத்தாகவே நிற்கின்றது. (படித்தான் என்பதும் வலித்தே நிற்கும், அது பிறவினையன்று. ஆதலின் ஒலியை மாத்திரம் நம்பிப் பரீட்சையில் விடை எழுதிவிடலாகாது.)

தாயை இழந்த மாணவனொருவன் தன் கட்டுரைக் கொப்பியில் 'நாங்கள் வளர்ந்தோம்' என்று எழுதி, பின்னர் அதனை வெட்டிவிட்டு, 'அக்கா எங்களை வளர்த்தா' என்று எழுதியிருந்தான். முதல் வாக்கியத்திற் பிழை யாதுமில்லை. அதில் அக்காதான் இல்லை. 'வளர்த்தா' என்பதன் ஈற்றிலே ஒரு 'ர்' சேர்ப்பதற்காகச் சிவப்பு மையை எடுத்தோம். மற்றொன்றையுந் தொடவில்லை.