ஜன்னல் கணக்கு

கதை எழுதுகிறவனிடம் கணக்கைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று என் மனைவி சொல்லுவாள். போன சித்திரையில் எங்கள் போடி வீட்டு ஜன்னல்களுக்கு நான் போட்ட எஸ்டிமேட்டைப் பார்த்த பிறகு, அதைச் சற்று உரக்கவே சொல்ல ஆரம்பித்தாள்.

வீடு 1964இல் அப்பா கட்டியது. ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதிச் சேர்த்த பணம். மூன்றடிக்கு நாலடியில் ஒன்பது ஜன்னல்கள்; மர நிலை, இரட்டைக் கதவு, உருட்டுக் கம்பி. மேற்கு அறை அம்மாவுடையது. அவளுக்கு வயது எண்பத்தாறு. அந்த அறை ஜன்னலின் அடிக்கட்டை சாரலில் ஊறி ஊறி உளுத்துப் போயிற்று. கதவு கையோடு வந்துவிடும் போலிருந்ததால், போன ஐப்பசியில் நானே இரண்டு ஆணி அடித்து மூடிவைத்தேன். நான் செய்த முதல் சிக்கனம் அதுதான். சித்திரையில் ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்கு அம்மா கட்டிலில் மயங்கிக் கிடந்தாள். பார்க்க வந்த டாக்டர் நாடி பிடித்தபடியே, “இந்த ஜன்னலைத் திறக்கவே மாட்டீங்களா?” என்று கேட்டார். ஆணியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

மறுநாளே மதுரைக் கம்பெனி ஒன்றிலிருந்து ஓர் இளைஞர் டேப்போடு வந்து அளந்துகொண்டு போனார். யு.பி.வி.சி. ஜன்னல், கறையான் அரிக்காது, பெயிண்ட் வேண்டாம். சதுர அடி 850 ரூபாய். 108 சதுர அடிக்கு 91,800. அதன்மேல் நூற்றுக்குப் பதினெட்டு வரி, 16,524. இதோடு முடிந்தது என்று நினைத்தேன். பழைய நிலையைப் பெயர்த்தால் சுவர் சிதையும். கொத்தனாருக்கும் பூச்சுக்கும் ஜன்னலுக்கு 1,500. பழைய கம்பிகள் நிலையோடு போய்விடும். திருடன் வராமலிருக்கப் புது கிரில் ஒன்றுக்கு 2,400. இந்த இரண்டும் கம்பெனிக் காகிதத்தில் இல்லை. எல்லாம் கூட்டினால் 1,43,424 ரூபாய்.

எங்கள் ஊரில் வீட்டுச் செலவெல்லாம் ஏலக்காய் விலையை அனுசரித்தது. 2018 வெள்ளத்தில் மலைத் தோட்டங்கள் அடிபட்டு, மறு வருஷம் மழையும் ஏமாற்றி, 2019இல் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போயிற்று. காய் கையிலிருந்தவர்கள் அப்போது மரக் கதவைக் கழற்றிவிட்டு நீலக் கண்ணாடி மாட்டினார்கள். நம் சரக்குக்கு அப்படியொரு வருஷம் வருவதில்லை.

நான் தொகையை வாசித்துக்கொண்டிருந்தது அம்மா காதில் விழுந்திருக்கிறது. “தபாலாபீசுல எம்பணம் எழுவதாயிரம் கெடக்குல்ல, எடுத்துக்கப்பா” என்றாள். அது அவள் தன் காரியத்துக்கென்று சேர்த்தது. “செத்தப்பறம் வர்றவுக சாப்பிட்டுப் போறதுக்கு அத்தன ரூவா எதுக்கு?” என்று வேறு கேட்டாள். அந்தப் பணத்தைத் தொடுவது என்று ஆன பிறகுதான், கணக்கை உண்மையிலேயே போட உட்கார்ந்தேன்.

அந்தச் சமயம் பார்த்து போடிமெட்டுப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து என் மைத்துனன் இறங்கி வந்தான். “அத்தான், போடுறதுதான் போடுறீங்க, இரட்டைக் கண்ணாடியாப் போடுங்க. என் பங்களாவுல சொட்டுக் குளிர் உள்ள வராது” என்றான். அவன் சொன்னது வாஸ்தவம்தான், அவன் வீட்டுக்கு. வெளியே குளிரும் உள்ளே கணப்புமாக இருந்தால் நடுவே இரண்டு கண்ணாடி காவல் நிற்கும். ஏர்கண்டிஷனர் வைத்த அறைக்கும் அது உதவும். நாங்கள் இருப்பதோ மலையடிவாரத்தில். எங்களுக்குக் குளிரைத் தடுக்க வேண்டாம். வெயிலை வெளியே நிறுத்திக் காற்றை உள்ளே விட வேண்டும். கண்ணாடி வெயிலைத் தாராளமாக உள்ளே விடும். அதனால் சூடேறிய தரையும் சுவரும் திருப்பி வீசுகிற வெப்பத்தை வெளியே விடாது. போதாததற்கு, இழுத்துத் தள்ளும் ஜன்னலில் எப்போதும் பாதிதான் திறக்கும். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக இறங்கும் காற்றில் பாதியைக் காசு கொடுத்து மறிப்பானேன்?

இவ்வளவையும் நான் விளக்கிக்கொண்டிருக்க, அடுப்படியிலிருந்து என் மனைவி ஒரே வாக்கியத்தில் முடித்தாள்: “ஏண்டா, ஒன் ஸ்டோர்ல ஏலக்கா ஒலத்துற மாதிரி எங்க அத்தையை ஒலத்தப் போறியா?”

மலைத் தோட்டத்து ஸ்டோரைப் பார்க்காதவர்களுக்கு இந்தக் கேள்வியின் காரம் தெரியாது. அடுப்புச் சூடு குழாய் வழியாகச் சுற்றிவர, அடைத்த அறைக்குள் ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் காய் கிடக்கும். ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோவாகச் சுருங்கி வெளியே வரும். மைத்துனன் அப்புறம் வாய் திறக்கவில்லை.

உள்ளூர் ஆசாரியைக் கூப்பிட்டேன். அவர் டேப்பை எடுக்கவில்லை. ஒரு பழைய திருப்புளியை எடுத்து ஒவ்வொரு நிலையிலும் குத்திக்கொண்டே வந்தார். ஆறு நிலைகளில் முனை இறங்கவே இல்லை. “இது கெட்டுப்போகலங்கய்யா. பெயிண்ட் மேல பெயிண்ட் அடிச்சு இறுகிப்போச்சு, கீலும் துருப்பிடிச்சுப்போச்சு. மூணுதான் போயிருக்கு” என்றார். ஒன்பதையும் மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தது நான்தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கம்பெனி இளைஞர் கேட்டதை அளந்தார், அவ்வளவுதான்.

மூன்று ஜன்னல்களுக்கு வேங்கை மரம், இரட்டைக் கதவு, பழைய கம்பியே மறுபடியும்: 36,000. மற்ற ஆறுக்கு இழைத்து, கீலும் கொண்டியும் மாற்ற 5,400. கொத்தனாருக்கு 4,500. ஒன்பதுக்கும் கொசுவலைச் சட்டம் 6,300. மாலை வெயில் சன்ஷேடுக்கு அடியில் சாய்ந்து நுழைவதால், மேற்கே இரண்டு ஜன்னல்களுக்கு வெளிப்புறம் மூங்கில் தட்டி, 1,800. இரவில் அனலை இறக்குவது மொட்டைமாடிதான். அதற்கு வெள்ளைச் சுண்ணாம்பு, 2,500. ஆக 56,500. எதிர்பாராத செலவுக்கென்று பத்தில் ஒரு பங்கு, 5,650, ஒதுக்கினேன். ‘எதிர்பாராததை எப்படி எதிர்பார்த்தீங்க?’ என்று மைத்துனன் சிரித்தான். பின்கட்டு நிலையைப் பெயர்த்தபோது சுவருக்குள் கறையான் புற்று இருந்தது. மருந்துக்கு 3,800.

அம்மாவின் ஜன்னலை முதலில் மாட்டச் சொன்னேன். பழையதைக் கழற்றும்போது என்னுடைய இரண்டு ஆணிகளையும் ஆசாரி பிடுங்கி, ஒன்றும் சொல்லாமல் என் கையில் கொடுத்தார்.

மீதி 9,700 ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எச்சில் தொட்டு எண்ணிப் பார்த்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்து, “அந்தத் தட்டியக் கொஞ்சம் தூக்கிக் கட்டச் சொல்லுப்பா. ரோட்டுல போறது ஆருன்னே தெரிய மாட்டேங்குது” என்றாள்.

தட்டிக்காரருக்கு இன்னொரு 150 ரூபாய் ஆயிற்று.