ஜாக்கெட்டுக்கு ஒரு மழை சர்வீஸ்!

வேலூரிலிருந்து பெங்களூர் ரோட்டில் பைக்கை விரட்டினால், சுமார் 50 கிலோமீட்டரில் ஆம்பூர். ஊருக்குள் நுழைந்ததுமே பிரியாணி வாசனையோடு மல்லுக்கட்டுது தோல் வாசனை! ஷூ, பெல்ட், பர்ஸ்னு எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் சரக்கு குவிஞ்சு கிடக்கிற கடைகளில், ஜாக்கெட்டும் தொங்குது. வாணியம்பாடி தாண்டி ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் பசங்களுக்கு இதுதான் யூனிஃபார்ம்.

புது ஜாக்கெட் மேல் நாலு சொட்டுத் தண்ணி விடுங்க, முத்து மாதிரி உருண்டு ஓடும். ரெண்டு மழைக்காலம் போனதும் அதே தண்ணி 'சர்'ருனு உள்ளே இறங்கிடும். "அவ்ளோதான் மச்சி, செத்துருச்சு"னு தூக்கிப் போடாதீங்க. தோல் நாருக்கு இயல்பிலேயே தண்ணி என்றால் உயிர். அதைத் தடுக்கத்தான் டேனரியில் எண்ணெய், மெழுகு, சிலிக்கோன் எல்லாம் ஏத்தறாங்க. தேய்ஞ்சது அந்தப் பூச்சு மட்டும்தான். ஜாக்கெட் நல்லாத்தான் இருக்கு!

வைத்தியம் சிம்பிள். ஈரத்துணியால் அழுக்கைத் துடைச்சு, நிழலில் காய வைங்க. ஹேர் டிரையர், மொட்டை மாடி வெயில் ரெண்டுமே வேண்டாம். தோல் விறைச்சு வெடிச்சிடும். அப்புறம் தேன்மெழுகு கலந்த லெதர் கிரீமை மெல்லிசா தடவி, தையல் ஓரத்தில் கூடுதலா தேய்ச்சு, ஒரு ராத்திரி ஊறவிட்டு, துணியால் பாலிஷ் போடுங்க. நிறம் கொஞ்சம் கறுக்கலாம், அதனால் உள்பக்க மூலையில் டெஸ்ட் பண்ணிட்டு ஆரம்பிங்க. ஹாஸ்டல் ஸ்பெஷலான தேங்காய் எண்ணெய்க்குத் தடா! பிசுபிசுத்து, ரோட்டுத் தூசி மொத்தத்தையும் இழுத்துக்கும். மொசுமொசுன்னு இருக்கிற ஸ்வேட் தோலுக்கு மெழுகே ஆகாது, ஸ்ப்ரே மட்டும்தான்.

'இவ்ளோ கஷ்டம் எதுக்கு, புதுசு வாங்கிக்கலாமே' என்பவர்கள், ஆம்பூர் பக்கத்திலேயே மணல் தெரியக் கிடக்கும் பாலாற்றை ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தவே சுமார் 30-லிருந்து 40 லிட்டர் தண்ணி வேணும். அந்தக் கழிவு ஆற்றிலும் கிணற்றிலும் கலந்து, குடிக்கிற தண்ணியே கெட்டுப்போய், விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போனது. சுத்திகரிப்பு இல்லாமல் டேனரி நடத்தக் கூடாதுனு 1996-ல் வந்த அந்தத் தீர்ப்பை இப்பவும் சட்டக் கல்லூரிகளில் பாடமா நடத்தறாங்க.

நைலான் ஜாக்கெட் பார்ட்டிகளே, உங்க கேஸ் இன்னும் ஈஸி. பாதி நேரம் வில்லன், அழுக்கும் அலசாமல் விட்ட சோப்பும்தான். ரெண்டு தடவை நல்லா அலசிக் காய வைங்க. லேபிளில் அனுமதி இருந்தால், மேலே மெல்லிய துண்டு போட்டு லேசான சூட்டில் அயர்ன் பண்ணுங்க. படுத்துக்கிடந்த பூச்சு மறுபடி எழுந்து நிக்கும்! அப்பவும் தண்ணி உருளலைன்னாதான் ஸ்ப்ரே.

அதிலும் ஃப்ளோரின் இல்லாததா பார்த்து வாங்குங்க. பழைய ரக ஃப்ளோரின் பூச்சுகள் மண்ணிலும் தண்ணியிலும் சிதையாமல் அப்படியே தங்கிடும். அந்தக் குடும்பத்தில் பி.எஃப்.ஓ.ஏ. என்ற ரசாயனத்தை 2019-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சேர்த்துட்டாங்க. ஃப்ளோரின் இல்லாத ஸ்ப்ரே கொஞ்சம் சீக்கிரம் தேயும். ஐப்பசி அடைமழைக்கு முன்னாடி ஒண்ணு, நடுவில் ஒண்ணுனு ரெண்டு தடவை அடிச்சாப் போச்சு!