எடைச் சீட்டும் இடுப்பு நாடாவும்

நம்மவர்கள் ஒருவரைப் பார்த்து நாலு மாதமாகிவிட்டால் முதலில் கேட்கும் கேள்வி, "என்ன இப்படி இளைச்சுட்டீங்க?" என்பதுதான். உண்மையில் இளைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. கேட்பவருக்கு நம்மிடம் கொஞ்சம் பிரியம் இருந்தால் போதும். "பூசினாற்போல் இருக்கிறீர்களே" என்பது வேறு சங்கதி. சில வீடுகளில் அது வாழ்த்து. சில வீடுகளில் வசவு. இடம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

என் அடுத்த வீட்டுக்காரரிடம் இரண்டையும் சொல்ல முடியாது. மனிதர் இளைக்கவும் மாட்டார், பூசவும் மாட்டார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் முப்பத்தைந்து வருஷம் லேத்தின் முன்னால் நின்று ஓய்வு பெற்றவர். கையும் காலும் கழி மாதிரி இருக்கும். அவரிடம் ஒரு தகர டப்பா உண்டு. பழைய ரசீதுகளுக்கு அடியில் பத்திரமாக ஓர் அட்டைச் சீட்டு வைத்திருக்கிறார். ரயில் நிலையங்களில் கலர் விளக்குகள் சுற்ற நின்றுகொண்டிருந்த எடை யந்திரங்களை நினைவிருக்கிறதல்லவா? காசு போட்டால் 'டக்' என்று ஒரு சீட்டு விழும். ஒரு பக்கம் எடை, மறு பக்கம் ஜோசியம். அப்படி வேலைக்குச் சேர்ந்த புதிதில் எடுத்த சீட்டு அது: 58 கிலோ. "இன்னிக்கு 62. இத்தனை வருஷத்துல நாலே கிலோ, சார்!" என்பார். மறு பக்கத்து ஜோசியம் தமக்குப் பெரிய பதவி கிடைக்கும் என்று சொன்னதை அவர் நம்பவில்லை. முன் பக்கத்தைத்தான் நம்பினார்.

இந்தப் பெருமையின் முழுப் பயனையும் அநுபவித்தவர் அவருடைய ஆவடி மைத்துனர். நல்ல ஆகிருதி. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவர் வந்தால் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். "மச்சான், உக்காருறதுக்கு முன்னாலே நாற்காலிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு உக்காருங்க" என்பார் அடுத்த வீட்டுக்காரர். மைத்துனர் சிரித்துக்கொண்டே உட்காருவார். அந்தச் சிரிப்பு வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்ததை நான் கவனித்திருக்கிறேன்.

இப்படியிருக்கையில் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து ஓர் இளம் பெண் டாக்டர் வந்திருந்தார். உயரம் பார்த்தார், எடை பார்த்தார், ஒரு கணக்குப் போட்டு எண் எழுதிக் கொடுத்தார். கிலோ எடையை, மீட்டரில் சொன்ன உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த வீட்டுக்காரர் 1.67 மீட்டர், 62 கிலோ, எண் 22. மைத்துனர் 1.72 மீட்டர், 80 கிலோ; எண் 27. அடுத்த வீட்டுக்காரர் பரீட்சையில் முதல் வகுப்புத் தேறிய பையனைப் போலச் சீட்டை எல்லாருக்கும் காட்டினார்.

அப்புறம்தான் டாக்டர் தையற்காரரிடம் இருப்பது போன்ற நாடாவை எடுத்தார். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் வைத்து, மூச்சைச் சாதாரணமாக விடச் சொல்லி அளந்தார். 93 சென்டிமீட்டர். "நான் போடற பேண்ட் 34 அங்குலந்தானேம்மா!" என்று நண்பர் ஆட்சேபித்தார். "அது தொப்பைக்குக் கீழே கட்டறது, ஐயா. நான் அளந்தது தொப்பையை" என்றார் டாக்டர். பிறகு விரலில் ஒரு சொட்டு ரத்தம். சர்க்கரை 240.

டாக்டர் காலைக் காட்டச் சொன்னார். கட்டைவிரல் ஓரத்தில் செருப்பு உராய்ந்த புண் ஒன்று இருந்தது. இரண்டு மாதமாக ஆறவில்லை என்று அவர் மனைவி சொன்னார். நண்பர் ஒன்றும் பேசவில்லை. அவருடைய தகப்பனாருக்கு இதே வியாதியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவரும் ஒல்லியான மனிதராம்.

அந்த எண் ஏன் இவரைக் காட்டிக் கொடுக்கவில்லை என்ற கேள்வி எனக்குள் குடைந்துகொண்டே இருந்தது. கதை எழுதுகிறவனுக்கு ஒரு பாத்திரத்தின் பூர்வோத்தரம் தெரியாவிட்டால் தூக்கம் வராது. விசாரித்ததில், இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் வைத்தியரே அல்ல என்று தெரிந்தது. அடால்ஃப் கெட்லே என்ற பெல்ஜியத்து வானசாஸ்திரி அவர். நட்சத்திரங்களை எண்ணிச் சலித்தாரோ என்னவோ, மனிதர்களை எண்ண ஆரம்பித்தார். ஜனங்களின் உயரத்தையும் எடையையும் பட்டியல் போட்டு, வளர்ந்தவர்களின் எடை ஏறக்குறைய உயரத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து ஏறுகிறது என்று 1830-களில் எழுதினார். அவர் தேடியது நோயாளியை அல்ல, 'சராசரி மனிதனை'. அந்தச் சராசரி மனிதன் எந்தத் தெருவிலும் குடியிருப்பதில்லை என்பது வேறு விஷயம்.

பிறகு ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் இந்த விஷயத்தில் அக்கறை காட்டின. யார் சீக்கிரம் இறந்தால் யாருக்கு நஷ்டம் என்று பார்த்தால், அவர்கள் அக்கறை நியாயமானதே. அமெரிக்காவில் மெட்ரோபாலிட்டன் கம்பெனி உயரத்துக்கு ஏற்ற எடை என்று அட்டவணைகள் போட்டது. 1972-ல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஐந்து நாடுகளில் 7,000-க்கு மேற்பட்ட ஆண்களின் அளவுகளைச் சோதித்து, கெட்லேயின் பழைய கணக்கே தேவலை என்று சொல்லி, அதற்கு இன்றைய பெயரையும் வைத்தார். பாடி மாஸ் இண்டெக்ஸ். தமிழில் உடல் எடைக் குறியீடு. அந்த ஐந்து நாடுகளில் இந்தியா இல்லை. பெண்களும் இல்லை.

எண்ணைக் குறை சொல்வதற்கில்லை. ஊர் முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் அது பொய் சொல்லாது. எண் ஏற ஏற ரத்த அழுத்தம், மாரடைப்பு, முழங்கால் தேய்வு, தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுவது எல்லாம் ஏறுகின்றன. மைத்துனருக்கும் அன்று சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. ஆனால் ரத்த அழுத்தம் 160-க்கு 100. ஆகவே நாற்காலி பிழைத்ததே தவிர அவர் தப்பவில்லை.

ஆனால் கொழுப்பு எவ்வளவு, சதை எவ்வளவு, எங்கே இருக்கிறது என்று தராசுக்குத் தெரியாது. இதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் 2004-ல் 'லான்செட்' பத்திரிகையில் தங்கள் இருவர் படத்தையும் சேர்த்து வெளியிட்டார்கள். இருவருக்கும் குறியீடு 22.3. உடம்பில் கொழுப்போ, வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! யாக்னிக்கின் குழு புனே பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளையும் அளந்து பார்த்தது. இங்கிலாந்துக் குழந்தை சராசரி 3.5 கிலோ, நம் குழந்தை 2.7 கிலோ. சதையிலும் உறுப்புகளிலும் நம் குழந்தை மெலிவு. தோலடிக் கொழுப்பில் மட்டும் அவ்வளவு குறைவில்லை. தொட்டிலிலேயே கணக்கு ஆரம்பமாகிவிடுகிறது.

அடுத்த வீட்டுக்காரரின் நாலு கிலோவுக்கும் இப்போது அர்த்தம் புரிந்தது. லேத்தை விட்டதும் கையிலும் காலிலும் இருந்த சதை கரைந்தது; வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தது. போனதும் வந்ததும் தராசில் ஏறக்குறைய சரிக்குச் சரியாகிவிட்டன. சர்க்கரையை வாங்கிச் செலவழிக்கிற இடம் சதை; அது குறைந்துவிட்டது. வயிற்றுக் கொழுப்போ இன்சுலினுடைய பேச்சு எடுபடாமல் செய்கிறது. சீட்டு மட்டும் "நாலே கிலோ" என்று சாதித்துக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் உத்தேசித்துத்தான் 2004-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர்கள், ஆசியாக்காரர்கள் 25 வரை காத்திருக்க வேண்டாம், 23-லேயே விழித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். 2009-ல் நம் நாட்டு நிபுணர்கள் கூடி 23-க்கு மேல் கூடுதல் எடை, 25-க்கு மேல் உடற்பருமன் என்று வகுத்தார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் ஆபத்து என்றார்கள். என் நண்பர் 23-ஐயும் தொடவில்லையே என்பீர்கள். அவரைப் பிடிக்கிற வலையைச் சென்னை வைத்தியர்களே பின்னியிருக்கிறார்கள். டாக்டர் மோகனும் சகாக்களும் சென்னைவாசிகளை ஆராய்ந்து 2005-ல் வெளியிட்ட மதிப்பெண் பட்டியலில் நாலே கேள்விகள்: வயது, இடுப்பு, உடலுழைப்பு, தாய் தந்தைக்குச் சர்க்கரை உண்டா. எடையைக் கேட்கவே இல்லை! 60-க்கு மேல் வாங்கினால் அபாயம் அதிகம். முகாமில் என் நண்பர் வாங்கியது 80. அவருடைய ஆயுளில் அவர் விரும்பாத ஒரே உயர்ந்த மார்க்கு.

தொழிற்சாலை விடும் நேரத்தில் அம்பத்தூர்ச் சாலை முழுவதும் சைக்கிளாக இருந்த காலம் ஒன்று உண்டு. சைக்கிள் செய்கிற தொழிற்சாலையே இங்கே 1949-ல் வந்த ஊரல்லவா! இன்று அதே சாலையில் மோட்டார் சைக்கிளும் ஷேர் ஆட்டோவும். யாரையும் குறை சொல்வதற்கில்லை. அந்த வெயிலில் மிதிக்கச் சொல்கிறவர் முதலில் மிதித்துக் காட்டட்டும். ஆனால் நடக்கிறவனுக்குப் பலன் உண்டு என்பதற்கும் சென்னையிலேயே அத்தாட்சி இருக்கிறது. சர்க்கரையின் வாசற்படியில் நின்றவர்களை டாக்டர் ராமச்சந்திரன் குழு மூன்று வருஷம் கவனித்து 2006-ல் எழுதியது. சும்மா விட்டவர்களில் 100-க்கு 55 பேர் உள்ளே போய்விட்டார்கள். நடையும் சாப்பாட்டுத் திட்டமும் கைக்கொண்டவர்களில் 39 பேர். எடையோ பெரிதாக ஒன்றும் குறையவில்லையாம். இந்தக் கடைசிச் செய்தியை எத்தனையோ பேரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. தராசு அசையவில்லையே என்று பத்தே நாளில் நடையை விட்டவர்கள் என் தெருவிலேயே ஆறு பேர் இருக்கிறார்கள்.

அடுத்த வீட்டுக்காரர் விடவில்லை. புண் ஆறும் வரை வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்தபடி கைக்குத் தேகப்பயிற்சி செய்தார். அதற்கே முழுதாக ஏழு வாரம் பிடித்தது. தினமும் இரவு மனைவி விளக்கைக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு விரலைப் பார்ப்பாள். அந்த ஏழு வாரமும் அந்த வீட்டில் யாரும் சத்தம் போட்டுப் பேசிக் கேட்கவில்லை. பிறகு மருந்தும் மாத்திரையுமாக, சோற்றைப் பாதியாக்கிப் பருப்பும் காயும் சேர்த்து, காலையில் மைத்துனரோடு நடக்க ஆரம்பித்தார். மைத்துனர் இதற்காகவே ஆவடியிலிருந்து முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடித்து வருகிறார். நாற்காலிப் பேச்சு அடியோடு நின்றுவிட்டது. ஆறு மாதத்தில் எடை 61. ஒரே கிலோ! ஆனால் நாடா 89-ல் நிற்கிறது. காலை வெறும் வயிற்றில் சர்க்கரையும் டாக்டர் சொன்ன எல்லைக்குள் வந்துவிட்டது. மைத்துனருடைய ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கிறது. அவருக்கு இன்னும் தூரம் உண்டு.

நாடா இப்போது அவர்கள் வீட்டுக் காலண்டர் ஆணியில் தொங்குகிறது. போன வாரம் நண்பர் அதை எடுத்து மனைவியையும் அளந்திருக்கிறார். 86.

"அது புடவைக் கொசுவம்" என்றாளாம் அந்த அம்மாள்.

மறுநாள் காலை கேட் திறக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். மூன்று பேர் போய்க்கொண்டிருந்தார்கள்.