பத்தொன்பதுக்குப் பதினெட்டு

1950 நவம்பர் 22ஆம் திகதி, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஒரு கூடைப்பந்து ஆட்டம். ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் 19, மினியாபொலிஸ் லேக்கர்ஸ் 18. கால்மணி நேரத்துக்குரிய கணக்கல்ல இது, 48 நிமிட ஆட்டத்தின் முழுக் கணக்கு. என்பிஏ வரலாற்றில் இதைவிடக் குறைந்த புள்ளிகளில் ஓர் ஆட்டம் இன்றுவரை முடிந்ததில்லை.

லேக்கர்ஸில் ஜோர்ஜ் மைக்கன் இருந்தார். ஆறடி பத்தங்குலம், தடித்த கண்ணாடி. கூடைக்குக் கீழே நின்று அவர் கையை நீட்டிவிட்டால் மற்றவர்களுக்கு அங்கே வேலையில்லை. போதாததற்கு அந்த அரங்கின் களம் மற்றவற்றைவிட ஒடுக்கம். சொந்த மண்ணில் 29 ஆட்டங்கள் தொடர்ந்து வென்றிருந்தார்கள். பிஸ்டன்ஸின் பயிற்சியாளர் மரே மென்டன்ஹோல் ஒன்றைத் தெளிவாகக் கண்டார்: வழக்கம்போல ஆடினால் வழக்கம்போலத் தோற்கலாம். ஆகவே ஆடாமலிருக்கச் சொன்னார். பந்து கைக்கு வந்ததும் கூடைப் பக்கம் போகாதே, வைத்துக்கொண்டு நில். குறித்த நேரத்துக்குள் எறிந்தாக வேண்டும் என்ற விதி அன்றைக்கு இல்லை.

நின்றார்கள். ஏழாயிரம் பேர் காசு கொடுத்து வந்து, நிற்கிறவர்களைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். பாதி ஆட்டத்தில் லேக்கர்ஸ் 13, பிஸ்டன்ஸ் 11. மூன்றாம் கால்பகுதி முடிய 17க்கு 16. கடைசிப் பன்னிரண்டு நிமிடங்களில் இரு பக்கமும் சேர்த்து விழுந்தது நான்கே புள்ளி. அதில் இரண்டு, மணி அடிக்கச் சில விநாடிகள் இருக்கும்போது, மைக்கனின் கைக்கு மேலாக லாரி ஃபவுஸ்ட் போட்டது. லேக்கர்ஸின் 18இல் மைக்கன் மட்டும் 15. மலையைக் கட்டிப்போட முடியவில்லைதான், ஆனால் சுற்றி வர முடிந்திருக்கிறது.

கூடைப்பந்தைக் கெடுத்த ஆட்டம் என்றுதான் அநேகமாக எழுதுகிறார்கள். நான் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் வளர்ந்தவன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரியப்பாவிடம் கதையைச் சொன்னேன். முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்தில் சங்கத் தலைவர் வேலை பார்த்தவர், பந்து என்றால் வொலிபோல் மட்டும் தெரியும். "அவன்கிட்ட பந்து போனா அவன் அடிப்பான். போகாட்டி எப்படி அடிப்பான்? இதுல என்னா தப்பு?" என்றார். பிறகு, "அந்தச் சின்ன டீம் தொழிலாளிமாரா?" என்று ஆசையாகக் கேட்டார். இல்லை. பிஸ்டன் செய்கிற தொழிற்சாலையின் முதலாளிதான் அந்த அணிக்கும் முதலாளி. பெரியப்பாவுக்கு முகம் கொஞ்சம் விழுந்துவிட்டது.

அவருக்கு ஞாபகம் வந்தது 1986. அந்த வருடம் தைப்பொங்கலன்று எங்கள் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் பிரார்த்தனைப் போராட்டம் என்று ஒன்றைத் தொடக்கினார். வேலைநிறுத்தம் என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகாமல் கோயிலில் உட்கார்ந்து கும்பிடுவது, மதியத்துக்குப் பிறகு மலைக்குப் போவது. கும்பிடுகிறவனை எந்தத் துரை என்ன சொல்லி எழுப்புவான்? இதில் வேடிக்கை, தொண்டமான் அப்போது ஜனாதிபதி ஜே.ஆர். அரசாங்கத்தில் மந்திரி. கும்பிட்டது குடியுரிமைக்காக. 1948இல் மலையகத் தமிழரிடமிருந்து பறிபோன குடியுரிமை, 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களைத் தலைக்கணக்குப் போட்டுப் பிரித்த பிறகும் ஆயிரக்கணக்கானோருக்கு எந்த நாட்டிலும் கிடைக்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த 1986இலேயே, மிஞ்சியிருந்த 94,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் வந்தது. கும்பிட்டதால் மட்டும் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். பெரியப்பா சொல்வார்.

அரைநாள் சும்மா இருப்பது ஏன் அத்தனை வலிக்கிறது என்பதைத் தேயிலையைத் தெரிந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். கொழுந்து காத்திருக்காது. ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு சுற்று அதே மலைக்கு வந்தாக வேண்டும். பிந்தினால் இலை முற்றிவிடும், முற்றிய இலையில் நல்ல தூள் வராது. மினியாபொலிஸில் யாரும் வைக்காத கடிகாரம் இங்கே செடிக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது, அதுவும் கம்பனிக்கு எதிராக. 2015 ஜூலையில் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டு மெதுவாகக் கொழுந்தெடுக்கும் போராட்டம் நடந்தபோதும் கணக்கு இதேதான். அதற்கு அடுத்த வருடம் கையெழுத்தான ஒப்பந்தத்தில் கிடைத்தது 730. ஆயிரத்துக்கு 2021 வரை காத்திருந்தோம்.

அமெரிக்கர்கள் தங்கள் நோயைச் சீக்கிரம் தீர்த்துக்கொண்டார்கள். சிராக்கியூஸ் அணியின் உரிமையாளர் டெனி பயசோன், போலிங் விளையாட்டுக் கூடம் நடத்தியவர், பெருக்கல் வகுத்தலில் விடை கண்டார். நல்ல ஆட்டமொன்றில் இரண்டு அணிகளும் சேர்ந்து ஏறக்குறைய 120 தடவை எறிகின்றன. 48 நிமிடத்துக்கு 2,880 விநாடி. வகுத்தால் 24. 1954இல் அது விதியானது: 24 விநாடிக்குள் எறி, இல்லாவிட்டால் பந்தைக் கொடு. அந்தப் பருவத்திலேயே ஓர் அணியின் சராசரி 79இலிருந்து 93க்கு ஏறிவிட்டது. எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கிறது. அவருடைய கடிகாரம் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றாக ஓடுகிறது.

தோட்டத்தில் எண் ஒரு பக்கத்துக்கு மட்டுந்தான். ஆயிரம் ரூபாய் வர்த்தமானியில் வந்த பிறகு பல தோட்டங்களில் நாளுக்கு 18 கிலோ, 20 கிலோ என்று கேட்கத் தொடங்கினார்கள். குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். மலை காய்ந்து கிடந்தாலும், பக்கத்து நிரையில் புல் இடுப்பளவு நின்றாலும் அதே கிலோ. உரம் போட இத்தனை நாள், புல் வெட்ட இத்தனை நாள் என்று கம்பனிக்கு யாரும் விநாடி எண்ணுவதில்லை.

ஹட்டன் நடைபாதைக் கடைகளில் லேக்கர்ஸ் பெயர் போட்ட மஞ்சள் பெனியன் தொங்குகிறது. எங்கள் பையன்கள் வாங்கிப் போட்டுக்கொண்டு, கூடையில்லாத மைதானத்தில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அதில் ஒன்றைக் காட்டி, தோற்றது இவர்கள்தான் என்றேன். பெரியப்பா உற்றுப் பார்த்தார்.

"அப்புறம் என்னாச்சு அவனுகளுக்கு?"

"52, 53, 54. மூணு வருசமும் அவங்கதான் சாம்பியன்."

"அதானே பார்த்தேன்" என்று வெற்றிலைப் பையை எடுத்தார்.