கடைசியாக வந்தவன்

2012 டிசம்பரில், கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸ் பக்கம் ஒரு கடற்கரையில்தான் ஹம்போல்ட் கணவாயை முதன்முதலாகப் பார்த்தேன். நூற்றுக்கணக்கில் கரை ஒதுங்கிக் கிடந்தன. உயிரோடு இருந்தவற்றைச் சிலர் கடலுக்குள் தள்ளிவிட்டார்கள். அவை மறுபடியும் கரைக்கே வந்தன. "நம்ம ஊரா இருந்தா இந்நேரம் குழம்பாயிருக்கும் மச்சான்" என்றான் ரூம்மேட். பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் ஒருவர், நம் மீனையெல்லாம் தின்று தீர்த்தது இதுதான் என்றார். நானும் நம்பினேன்.

நம்பும்படியான பிராணிதான் அது. நாங்கள் பார்த்தவை குட்டிகள். வளர்ந்தால் ஆள் உயரம் தாண்டும், 50 கிலோ வரை போகும். உறிஞ்சிகளைச் சுற்றிப் பல் வளையம், நடுவே கிளிமூக்கு மாதிரி அலகு. தூண்டிலில் மாட்டிய தன் இனத்தையே கடித்துத் தின்னும். மெக்சிகோ மீனவர்கள் வைத்த பெயர் 'சிவப்புப் பிசாசு'. 1997-98 எல் நினோவின்போது மான்டரே விரிகுடாவில் தலைகாட்டியது, 2002க்குப் பிறகு அங்கேயே தங்கிவிட்டது. அதே காலத்தில் ஹேக் மீன் குறைந்தது. கணவாய் ஹேக்கைத் தின்னும் என்பதும் உண்மை. கேஸ் முடிந்தது!

சில வருஷம் கழித்து, வேலையில் ஒரு ராத்திரி சர்வர் விழுந்தது. கடைசியாகக் கோடை மாற்றியது புதிதாகச் சேர்ந்த ஒரு பையன். அவன் பெயரைப் போட்டு மெயில் அனுப்பினேன். இரண்டு நாள் தோண்டியதில், ஒரு வருஷம் முன்னால் நானே வைத்த ஒரு செட்டிங்தான் காரணம் என்று தெரிந்தது. அவன் மாற்றம் அதை வெளியே காட்டியது, அவ்வளவுதான்.

அந்த வாரம்தான் கணவாய் பற்றித் தேடிப் படித்தேன். சைட்பெர்க், ராபிசன் என்ற இருவர், 16 வருஷ ஆழ்கடல் வீடியோக்களை வைத்து 2007ல் எழுதிய ஆய்வு. ஹேக் குறைந்ததை அவர்களும் சொல்கிறார்கள். ஆனால் கணவாய் ஏன் வந்தது என்பதற்கு இரண்டு விஷயங்களைக் காட்டுகிறார்கள்: கடலின் தட்பவெப்ப மாற்றம், அதோடு போட்டிபோட்ட பெரிய மீன்கள் குறைந்தது. சூரை மாதிரியான பெரிய மீன்களைக் குறைத்தது யார்? நம் வலைகள்தானே. காலியான வீட்டில் குடியேறியவனைத் திருடன் என்றிருக்கிறோம்.

மெக்சிகோவின் சான்டா ரொசாலியாவில் இந்தப் பிசாசுதான் பலருக்குச் சோறு போட்டது. 2009-10 எல் நினோவுக்குப் பிறகு அங்கே கணவாய் சிறுத்துப்போனது, தொழிலும் படுத்தது. கலிஃபோர்னியப் பக்கமும் அந்தப் பழைய கூட்டம் இப்போது இல்லை. பழி சுமக்க ஆள் போனதால் மீன் திரும்பிவிடுமா என்ன?

அந்தப் பையனிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "பரவால்ல சார், விடுங்க" என்றான். முதல் மெயில் போனது 50 பேருக்கு. மன்னிப்பு போனது அவன் ஒருத்தனுக்கு மட்டும்.